தலைவலியும் தாழ்சர்க்கரையும்: கடைக்காரர்களுக்கு ஒரு பாடம்



நம் சங்க உறுப்பினர்கள் பத்துப் பேர் ஓரிடத்தில் கூடினால் பேச்சு சரக்கு விலையில் தொடங்கும், வரியில் புகும், கடைசியில் "உங்களுக்குச் சுகர் எவ்வளவு இருக்கிறது?" என்ற கேள்வியில் வந்து நிற்கும். இதில் வியப்பில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வின்படி, நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்து, நேரம் தவறிச் சாப்பிடும் நம் தொழிலில் இருப்பவர்கள் இந்தக் கணக்கில் இடம் பெறாமல் போவார்களா?

சர்க்கரை ஏறினால் என்ன ஆகும் என்பது நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியும். கண், கால், சிறுநீரகம், இதயம் என்று விரல் விட்டுச் சொல்லிவிடுவோம். சர்க்கரை இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்டால் "மயக்கம் வரும்" என்ற ஒரு பதிலோடு முடித்துக்கொள்கிறோம். மயக்கம் என்பது கடைசிக் கட்டம். அதற்கு முன்பே உடல் பல முறை சீட்டு அனுப்புகிறது. அந்தச் சீட்டுகளில் ஒன்று தலைவலி. நாமோ அதை வெயில் என்கிறோம், பித்தம் என்கிறோம், பிரஷர் என்கிறோம், வசூல் வராத கவலை என்கிறோம். பையனை அனுப்பி ஒரு மாத்திரை வாங்கி வரச் சொல்லி, வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு வியாபாரத்தைக் கவனிக்கிறோம்.

இந்தப் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதே இந்தப் பாடத்தின் பொருள். நான் மருத்துவன் அல்லன். பள்ளி இறுதி வரை படித்தவன். நாற்பது ஆண்டுகளாகப் பருப்பு மொத்த வியாபாரம் செய்பவன். எனக்கும் பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு. மருத்துவரிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை நம் தொழில் பாஷையில் சொல்கிறேன். உங்கள் மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவர் வேலை. எதைக் கவனித்து அவரிடம் சொல்ல வேண்டும் என்பதே நாம் கற்க வேண்டியது.

1. மூளை ஒரு ரொக்க வாடிக்கையாளர்

நம் உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் நூற்றுக்கு இரண்டு. ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே வாங்கிக்கொள்கிறது. அதற்கு வேண்டிய சரக்கு குளுக்கோஸ். தசைகள் சொந்தமாகக் கொஞ்சம் இருப்பு வைத்துக்கொள்ளும்; கொழுப்பையும் எரித்துக்கொள்ளும். மூளைக்குச் சொல்லிக்கொள்ளும்படியான இருப்பு கிடையாது. நிமிடத்துக்கு நிமிடம் ரத்தம் கொண்டுவந்து தர வேண்டும். வரத்து குறைந்தால் அது உடனே குரல் கொடுக்கும்.

இந்த வரத்தைச் சீராக வைத்திருக்க உடலில் ஒரு கிட்டங்கி இருக்கிறது. அதுதான் கல்லீரல். சாப்பிட்ட பிறகு மிஞ்சும் குளுக்கோஸை அங்கே மூட்டை கட்டி வைக்கும் பணியாள் இன்சுலின். சாப்பாடு இல்லாத நேரத்தில் மூட்டையை அவிழ்த்து வெளியே அனுப்பும் பணியாள் குளுக்ககான். இருவரும் கணையத்தில் இருந்து வருபவர்கள். நோயற்றவருக்குச் சர்க்கரை இறங்கத் தொடங்கியதும் இன்சுலின் தானாக நின்றுவிடும். குளுக்ககான் வேலையைத் தொடங்கும். போதாவிட்டால் அட்ரீனலினும் துணைக்கு வரும். அதனால்தான் அவர் ஒரு வேளை சாப்பிடாவிட்டாலும் பெரிதாக ஒன்றும் நேர்வதில்லை.

இன்சுலின் ஊசியோ, இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் நிலை வேறு. காலையில் போட்ட மருந்துக்கு, நீங்கள் மதியம் சாப்பிட்டீர்களா, லாரி வந்ததால் சாப்பிடவில்லையா என்பது தெரியாது. அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கொள்முதல் இல்லாமல் விற்பனை மட்டும் நடந்தால் கடை என்ன ஆகும்? அதுதான் தாழ்சர்க்கரை. நாம் 'லோ சுகர்' என்கிறோமே, அதுவே.

அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது எச்சரிக்கை நிலை. 54-க்குக் கீழே போனால் ஆபத்து நிலை. பிறர் உதவி இல்லாமல் மீள முடியாத அளவுக்குப் போய்விட்டால், எண் எதுவாக இருந்தாலும் அது கடுமையான நிலை.

2. உடல் அனுப்பும் சீட்டுகள்

முதல் வகை, அட்ரீனலின் அனுப்புவது: குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, திடீர்ப் பசி, முகம் வெளுத்துப் போதல்.

இரண்டாம் வகை, மூளை அனுப்புவது: தலைவலி, தலை கனத்தல், பார்வை மங்கல், காரணமில்லாத கோபம், கணக்கில் தடுமாற்றம், பேச்சுக் குழறல், ஆள் அடையாளம் தெரியாமை. அதற்கும் மேலே வலிப்பு, நினைவிழத்தல்.

கூட்டிப் போட்ட பில்லை மூன்று முறை கூட்டியும் தொகை வராமல் போவது, பத்து வருட வாடிக்கையாளரிடம் சள்ளென்று விழுவது, நோட்டை எண்ணும்போது எண்ணிக்கை மறந்து போவது ஆகியவை நம் கடைகளில் இந்த நோய் காட்டும் முகங்கள். முதலாளிக்குக் கோபம் என்று கடைப்பையன் ஒதுங்கிப் போகிறான். உண்மையில் அவன் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரோடு வந்திருக்க வேண்டும்.

தலைவலி ஏன் வருகிறது? குளுக்கோஸ் குறைந்ததும், கிடைக்கிற கொஞ்சத்தையாவது கூடுதலாகக் கொண்டுவர மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் மாறுகிறது. அட்ரீனலின் முதலிய அவசரச் சுரப்புகள் பாய்கின்றன. வலியை உணரும் நரம்புகள் இதில் தூண்டப்படுகின்றன. இந்த வலி பெரும்பாலும் நெற்றியிலும் பொட்டிலும் மந்தமாகவோ, விண் விண் என்றோ தெரியும். இனிப்புச் சாப்பிட்டுச் சர்க்கரை ஏறியதும் மற்ற குறிகள் கால் மணியில் போய்விடும். தலைவலி மட்டும் இன்னும் சற்று நேரம் தங்கி, பிறகு போகும். இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். "சர்க்கரை சாப்பிட்டும் தலைவலி போகவில்லையே" என்று மேலும் மேலும் இனிப்பைப் போட்டுக்கொள்ளக் கூடாது.

3. ஒற்றைத் தலைவலிக்கும் இதற்கும் என்ன உறவு?

ஒற்றைத் தலைவலி என்கிற மைக்ரேன் தனி நோய். தலையின் ஒரு பக்கம் துடிக்கும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது, நடந்தாலே வலி கூடும், மருந்தில்லாமல் விட்டால் 4 மணி நேரத்தில் இருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். சிலருக்கு வலி வருமுன் கண்ணெதிரே மின்னல் கோடுகள் தெரியும். இது பெரும்பாலும் இளவயதிலேயே தொடங்கிக் குடும்பத்தில் தொடர்ந்து வருவது.

மைக்ரேன் உள்ளவர்கள் பலரும் ஒரு செய்தியைச் சொல்வார்கள்: "ஒரு வேளை சாப்பாடு தவறினால் எனக்குத் தலைவலி நிச்சயம்." இதை ஆய்வாளர்கள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். லண்டனில் பிளா, கமிங்ஸ் என்ற இருவர் 1966-இல், பட்டினியால் தலைவலி வருவதாகச் சொன்ன மைக்ரேன்காரர்களைச் சாப்பிடாமல் இருக்கச் செய்து கவனித்தனர். அவர்களில் பலருக்குத் தலைவலி வந்தது. ஆனால் அவர்கள் எல்லோருக்கும் ரத்தச் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடவில்லை. ஆகவே பட்டினி மைக்ரேனைத் தூண்டும் என்பது சரி. சர்க்கரை இறங்குவது ஒன்றே அதற்குக் காரணம் என்று முடிவு கட்டுவது சரியல்ல. உலகத் தலைவலி மருத்துவர்கள் வகுத்துள்ள பட்டியலிலும் 'பட்டினித் தலைவலி' என்று ஒரு தனி இனம் இருக்கிறது. எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ சாப்பிடாமல் இருக்கும்போது வந்து, சாப்பிட்ட பிறகு தீர்வது அது. ஏற்கெனவே தலைவலித் தொந்தரவு உள்ளவர்களுக்கே அது அதிகம் வரும்.

"அப்படியானால் சர்க்கரை நோய் வந்தால் மைக்ரேனும் கூடுமா?" என்று கேட்பீர்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. நார்வே நாட்டில் பெருந்தொகையான மக்களிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயாளிகளிடையே மைக்ரேன் குறைவாகவே காணப்பட்டது. பிரான்ஸ் நாட்டுப் பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்விலும், மைக்ரேன் உள்ளவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வருவது குறைவாக இருந்தது.

இந்தச் செய்தி நமக்கு ஒரு முக்கியமான பாடம் தருகிறது. நாற்பது, ஐம்பது வயது வரை ஒற்றைத் தலைவலி என்பதே அறியாத ஒருவருக்கு, சர்க்கரைக்கு மருந்து தொடங்கிய பிறகோ மருந்தைக் கூட்டிய பிறகோ அடிக்கடி தலைவலி வருகிறது என்றால், "எனக்கு மைக்ரேன் வந்துவிட்டது" என்று தாமாகப் பெயர் சூட்டிக்கொள்ளக் கூடாது. முதலில் சர்க்கரை இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இளவயது முதல் மைக்ரேன் உள்ளவராக இருந்தால், நேரம் தவறிய சாப்பாடு அவருக்கு இரட்டை நஷ்டம்: பட்டினி மைக்ரேனைத் தூண்டும், மருந்து சர்க்கரையை இறக்கும்.

இன்னொரு நுணுக்கம். மைக்ரேன் வருவதற்குச் சில மணி நேரம் முன்பே சிலருக்குக் கொட்டாவி, சோர்வு, இனிப்பின் மேல் அடக்க முடியாத ஆசை எல்லாம் தோன்றும். அது தாழ்சர்க்கரையைப் போலவே இருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல நம் அனுபவம் போதாது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் ஒரு நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். தராசில் வைக்காமல் கண்மட்டத்தில் எடை சொல்பவரிடம் நாம் சரக்கு வாங்குவோமா?

4. எந்த மருந்து உண்பவர் அதிகம் கவனிக்க வேண்டும்?

எல்லாச் சர்க்கரை மருந்தும் சர்க்கரையைத் தாழ்த்திவிடாது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு இந்த அபாயம் மிகக் குறைவு. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் போன்ற 'கிளிப்டின்' வகையும், டாபாகிளிஃப்ளோசின் போன்ற வகையும் தனியாக எடுத்துக்கொள்ளும்போது அப்படியே.

கவனிக்க வேண்டியவர்கள் இரண்டு சாரார். ஒன்று, இன்சுலின் போடுபவர்கள். மற்றொன்று, கிளைபென்கிளமைடு, கிளைமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபிசைடு ஆகிய மாத்திரைகள் சாப்பிடுபவர்கள். நம் ஊரில் ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்துகள் சேர்ந்து வருவதால், "நான் ஒரு மாத்திரைதான் சாப்பிடுகிறேன்" என்று இருந்துவிடாதீர்கள். அட்டையின் பின்புறம் உள்ள பெயர்களைப் பேரனிடம் கொடுத்தாவது படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். கிளைபென்கிளமைடு நெடுநேரம் வேலை செய்வது. 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு அது ஏற்றதல்ல என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே குறிப்பு உள்ளது. பழைய சீட்டை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அதையே வாங்கிச் சாப்பிடும் பெரியவர்கள் ஒரு முறை மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது.

சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இன்சுலினும் இந்த மாத்திரைகளும் உடலைவிட்டு வெளியேறத் தாமதமாகும். அதே அளவு மருந்து முன்பு சரியாக இருந்து, இப்போது அதிகமாகிவிடுவது இதனால்தான்.

5. நம் கடை நாளில் இது எங்கே ஒளிந்திருக்கிறது?

தள்ளிப்போகும் மதியச் சாப்பாடு. தீபாவளி, பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ் சமயங்களில் ஒரு மணிச் சாப்பாடு நாலு மணிக்குப் போகிறது. எனக்குத் தெரிந்த மளிகை வியாபாரி ஒருவர், வயது 62. தீபாவளிக்கு முந்தின வாரம் காலையில் மாத்திரை போட்டு இரண்டு இட்லி சாப்பிட்டார். சரக்கு இறக்கும்போது ஆள் போதாமல் தாமும் மூட்டைக்குத் தோள் கொடுத்தார். மூன்று மணிக்குத் தலைவலி. வெறும் வயிற்றில் வலி மாத்திரையும் ஒரு டீயும் குடித்துவிட்டு, வசூலுக்கு என்று மொபெட்டை எடுத்தார். அடுத்த தெரு முனையில் எதிரே வண்டி எதுவும் இல்லாமலே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனையில் பார்த்தபோது சர்க்கரை 38. அவர் நடக்க ஆறு மாதமாயிற்று. கடை பாதி நாள் பூட்டிக் கிடந்தது. அன்று ஒரு கைப்பிடிச் சர்க்கரையின் விலை என்ன?

வழக்கத்துக்கு மீறிய உழைப்பு. மூட்டை தூக்குதல், கிட்டங்கியை ஒழித்தல், நாள் முழுக்கக் கொள்முதலுக்கு அலைதல் எல்லாம் சர்க்கரையை இறக்கும். உழைத்த அன்று மட்டுமல்ல, அன்று இரவும் இறக்கும்.

விரதமும் நோன்பும். சஷ்டி, ஏகாதசி இருப்பவர்களும், ரம்ஜான் நோன்பு நோற்பவர்களும், தவக்காலத்தில் ஒருசந்தி இருப்பவர்களும் நம் சங்கத்தில் உண்டு. யாருடைய நம்பிக்கையையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. நோன்பு தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தினம் நாலைந்து காபி குடிப்பவருக்கு, அது நின்றதாலேயே ஒரு நாளுக்குள் தலைவலி வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். எது எது என்று பிரிக்க மறுபடியும் குளுக்கோமீட்டர்தான்.

மது. கல்லீரல் மதுவைக் கழிப்பதில் மும்முரமாகிவிட்டால், குளுக்கோஸ் தயாரித்து அனுப்பும் வேலை நின்றுவிடும். இரவு குடித்துவிட்டுச் சரியாகச் சாப்பிடாமல் படுத்தவருக்கு விடியற்காலையில் சர்க்கரை தாழ்கிறது. காலைத் தலைவலியைப் 'போதை தெளியாத வலி' என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தில் உயிரே போகலாம்.

உறக்கத்தில் வரும் தாழ்சர்க்கரை. இதுதான் மிகவும் ஏமாற்றுவது. ஜவுளி வியாபாரி ஒருவருக்கு மாதக்கணக்கில் காலையில் எழும்போதே தலைவலி. கண்ணாடியை மாற்றினார், தலையணையை மாற்றினார். "ராத்திரியில் பனியன் நனைந்து போகிறது, ஏதேதோ உளறுகிறார்" என்று வீட்டம்மா மருத்துவரிடம் சொன்ன பிறகுதான் வழி பிறந்தது. மருத்துவர் சொன்னபடி இரவு மூன்று மணிக்கு எழுப்பிப் பார்த்தால் 52. காலையில் பார்க்கும்போது அளவு சரியாகவே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரவு இன்சுலினைக் குறைத்து எழுதினார். தலைவலி நின்றது. விடியற்காலைத் தலைவலி, நனைந்த பனியன், கெட்ட கனவு இம்மூன்றும் சேர்ந்தால் இரவுச் சர்க்கரையைப் பாருங்கள்.

6. இரண்டு கண்ணிகள்

முதல் கண்ணி: மைக்ரேன் அடிக்கடி வராமல் தடுக்க 'புரோப்ரனலால்' என்ற மாத்திரையை மருத்துவர்கள் கொடுப்பதுண்டு. நல்ல மருந்துதான். ஆனால் அது அட்ரீனலினின் வேலையை மட்டுப்படுத்துவதால், தாழ்சர்க்கரையின் எச்சரிக்கைகளான படபடப்பையும் கை நடுக்கத்தையும் மறைத்துவிடும். காவல்நாயின் வாயைக் கட்டிய மாதிரி. வியர்வையை மட்டும் அது மறைப்பதில்லை. ஆகவே இன்சுலினோ மேற்சொன்ன மாத்திரைகளோ எடுப்பவர் தலைவலிக்கு வேறொரு மருத்துவரிடம் போனால், சர்க்கரைச் சீட்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

இரண்டாம் கண்ணி: இதுவரை தாழ்சர்க்கரையால் தலைவலி வருவதைச் சொன்னேன். தலைவலியால் தாழ்சர்க்கரை வருவதும் உண்டு. மைக்ரேன் வந்த நேரத்தில் இரைப்பை மந்தமாகிவிடும்; உணவு கீழே இறங்காது; பல பேருக்கு வாந்தி. வளையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா காலையில் சர்க்கரை மாத்திரை போட்டுச் சாப்பிட்ட அரை மணியில் ஒற்றைத் தலைவலி வந்து, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகிவிட்டது. இருட்டறையில் படுத்துவிட்டார். வீட்டார் "தூங்கட்டும்" என்று விட்டுவிட்டார்கள். மதியம் எழுப்பினால் எழவில்லை. மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகே கண் விழித்தார். மருந்து உள்ளே, உணவு வெளியே. இப்படி நேர்ந்த நாளில் சர்க்கரையை இரண்டு மணிக்கொரு முறை பார்க்க வேண்டும். நோயாளியைத் தனியே தூங்க விடக் கூடாது. மருத்துவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். "சாப்பிட முடியாத நாளில் எந்த மருந்தை நிறுத்துவது, எதை நிறுத்தக் கூடாது?" என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். இன்சுலினை நாமாக முழுவதும் நிறுத்துவதும் ஆபத்து.

வலி மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது வலியை மறைக்கும், சர்க்கரையை ஏற்றாது. அடிக்கடி சாப்பிட்டால் சில வகை மாத்திரைகள் சிறுநீரகத்தையே கெடுக்கும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வலி மாத்திரை சாப்பிட்டால், அந்த மாத்திரையாலேயே தலைவலி உண்டாகும் என்பதும் மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. மைக்ரேனுக்கென்று உள்ள சில மருந்துகள் இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. ஆகவே மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வைத்தியம் நமக்கு வேண்டாம்.

7. உடனே செய்ய வேண்டியது

தலைவலியோ மற்ற குறிகளோ தோன்றினால், இருக்கும் வேலையை நிறுத்தி உட்காருங்கள். குளுக்கோமீட்டர் இருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டாம். தாழ்சர்க்கரை என்றே வைத்துக்கொண்டு சிகிச்சை செய்யுங்கள். சர்க்கரை கூடுதலாக இருக்கும்போது மூன்று தேக்கரண்டி இனிப்புச் சேர்ந்துவிட்டால் பெரிய கேடில்லை. தாழ்ந்திருக்கும்போது கொடுக்காமல் விட்டால் கேடு.

அளவு 70-க்குக் கீழே இருந்தால் '15-க்கு 15' என்ற கணக்கு. 15 கிராம் சர்க்கரை சாப்பிட்டு, 15 நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். அந்த 15 கிராமுக்கு எது?

(அ) குளுக்கோஸ் பொடி மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலந்து.
(ஆ) சாதாரணச் சர்க்கரை மூன்று தேக்கரண்டி, அல்லது அதே அளவு தேன்.
(இ) சர்க்கரை சேர்ந்த பழச்சாறோ குளிர்பானமோ 150 மில்லி. 'டயட்' என்று போட்டது உதவாது.

லட்டு, மைசூர்பாகு, சாக்லேட், ஐஸ்கிரீம் வேண்டாம். அவற்றில் உள்ள நெய்யும் கொழுப்பும் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அவசரத்துக்கு ரொக்கம்தான் உதவும், காசோலை உதவாது.

மிக முக்கியமான விதிவிலக்கு ஒன்று. வோக்ளிபோஸ், அகார்போஸ் என்ற மருந்துகள் உங்கள் மாத்திரையில் சேர்ந்திருந்தால், சாதாரணச் சர்க்கரை குடலில் உடைவதை அவை தடுக்கும். அப்படிப்பட்டவர்களுக்குச் சர்க்கரையும் வெல்லமும் வேகமாக வேலை செய்யாது. குளுக்கோஸ் பொடியே கொடுக்க வேண்டும்.

அளவு சரியான பிறகு சோறோ, நாலு பிஸ்கட்டும் பாலுமோ சாப்பிடுங்கள். இல்லாவிட்டால் திரும்பவும் இறங்கும். உடனே வண்டி ஓட்டக் கூடாது. சர்க்கரை ஏறினாலும் மூளை தெளியச் சற்று நேரமாகும். முக்கால் மணி நேரமாவது பொறுக்க வேண்டும்.

ஆள் நினைவிழந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலில் போய் உயிரைப் பறிக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். "சர்க்கரை நோயாளி, மருந்து சாப்பிடுபவர்" என்று முதலிலேயே சொல்லுங்கள். மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, குளுக்கோஸ் ஏற்றிய பிறகும் பல மணி நேரம் திரும்பத் திரும்ப இறங்கக்கூடியது. ஆகவே "கண் விழித்துவிட்டார்" என்று உடனே வீட்டுக்கு அழைத்து வராமல், மருத்துவர் சொல்லும் வரை அங்கேயே இருக்க விடுங்கள்.

8. அன்பர்கள் கேட்கும் சில கேள்விகள்

சர்க்கரை ஏறினாலும் தலைவலி வருமா?
வரும். மிகவும் ஏறினால் சிறுநீர் அதிகம் போய் உடலில் நீர் வற்றும், தலை வலிக்கும். அதனால்தான் ஊகிக்காமல் அளந்து பார்க்கச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், இப்போது ஒன்றுமே தெரிவதில்லையே?
இது நல்ல செய்தி அல்ல. அடிக்கடி தாழ்சர்க்கரை வந்தால் உடல் எச்சரிப்பதையே நிறுத்திவிடும். சில வாரங்கள் தாழாமல் பார்த்துக்கொண்டால் எச்சரிக்கை பெரும்பாலும் திரும்ப வரும். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். வயது கூடியவர்களுக்கு அளவை மிகவும் இறுக்கிப் பிடிக்காமல் கொஞ்சம் தளர்த்தி வைப்பது இதற்காகத்தான்.

எந்தத் தலைவலிக்கு உடனே மருத்துவமனை?
இடி இறங்கியது போல் திடீரென்று வரும் கடும் வலி, கை கால் ஒரு பக்கம் தளர்தல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய வலி. தாழ்சர்க்கரையும் சில நேரம் பக்கவாதம் போலவே தோன்றும். போகும் வழியிலேயே சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். ஆனால் அதற்காகப் புறப்படுவதைத் தாமதப்படுத்தாதீர்கள்.

9. கடையில் செய்து வைக்க வேண்டியவை

1. கல்லாப் பெட்டிக்குள் ஒரு குளுக்கோஸ் பொட்டலமும் தேக்கரண்டியும் எப்போதும் இருக்கட்டும். வண்டிப் பெட்டியிலும் ஒன்று.

2. மதியச் சாப்பாட்டு நேரத்தைக் கடை நேரம் போல் எழுதி மாட்டுங்கள். சீசன் நாளில் தள்ளிப்போகும் என்று தெரிந்தால் பதினொரு மணிக்கே சுண்டலோ, இரண்டு இட்லியோ சாப்பிட்டுவிடுங்கள்.

3. மகனுக்கும், கணக்குப்பிள்ளைக்கும், கடையில் நிற்கும் பையனுக்கும் இந்தக் குறிகளைச் சொல்லிக் கொடுங்கள். "முதலாளி தேவையில்லாமல் கோபப்பட்டால் முதலில் சர்க்கரைத் தண்ணீர் கொடு" என்று உரிமை கொடுங்கள். கடையில் வேலை பார்ப்பவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர்களையும் நேரத்துக்குச் சாப்பிட அனுப்புங்கள். அவர்கள் தாமாகக் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

4. ஒரு சிறிய பேரேடு போடுங்கள். தலைவலி வந்த தேதி, மணி, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், மருந்து போட்ட நேரம், அப்போதைய சர்க்கரை அளவு. ஐந்து பத்திகள் போதும். ஒரு மாதக் கணக்கைக் கொண்டுபோய் வைத்தால், நாம் அரை மணி பேசியும் விளங்க வைக்க முடியாததை மருத்துவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். தலைவலி வந்த நேரமெல்லாம் அளவு 70-க்குக் கீழே என்றால் வழி ஒன்று. அளவு 130, 140 என்று இருந்தும் வலித்தால் வழி வேறு.

5. சட்டைப் பையில் பெயர், மருந்து விவரம், வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு, ஒரு நாள் கடை பூட்டினால் வரும் நஷ்டத்தில் ஒரு சிறு பங்கு. சரக்கு தீருமுன் ஆர்டர் போடுவது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடம்பில் இருப்பு குறைகிறது என்று தலைவலி சீட்டு அனுப்பும்போதும் அப்படியே செய்யப் பழகுவோம். அடுத்த முறை தலை வலித்தால் மாத்திரைக்குக் கை நீட்டும் முன், "கடைசியாக எப்போது சாப்பிட்டேன்?" என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்திரமாக இருந்தால்தான் லாபக் கணக்கு. நம் உடம்புதான் நம் முதல்.

வாழ்க நலமுடன், வளர்க வணிகம்.